மரம் வைக்காதே

கஜா புயல் அடித்த மறுவாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, தாத்தா வாங்கின பத்திரம் உன்கிட்டதானே இருக்கு? தென்னை கணக்கெடுக்க ஆள் வராங்களாம். எதுக்கும் எடுத்துக்கிட்டு வா."

2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த காற்றில், மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில் பதினேழு தென்னை சாய்ந்திருந்தன. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை அறுத்து அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. கடைசியில் பத்திரத்துக்கு வேலையே வரவில்லை. வந்தவர்கள் அடிமரத்தை எண்ணி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது நான் அதை மடியில் விரித்துப் படித்துக்கொண்டே போனேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள், அதுவரை அந்தக் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

1938-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். நான்கு எல்லையும் சொல்லி, மாவடை மரவடை, கிணறு, நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அந்தக் காலத்து வாய்ப்பாடு. அதற்குக் கீழே மரங்களின் ஜாபிதா: தென்னை 11, மா 3, பலா 1, புளி 1, இலுப்பை 1, முருங்கை 2. எந்த மரம் எந்த மூலையில் நிற்கிறது என்பது வரை எழுதியிருந்தார்கள். அவரைப் பந்தல் இல்லை. கத்தரிப் பாத்தி இல்லை. சேம்பு, கீரை, புடல் எதுவும் இல்லை. அப்பாயி, அப்பாவின் அம்மா, மூன்று வேளையும் எங்களுக்கு ஆக்கிப் போட்டதில் முருங்கை, தேங்காய், புளி, மா, பலா தவிர ஒன்றுமே அந்தப் பத்திரத்துக்குள் வரவில்லை.

மரம் சொத்து, செடியும் கொடியும் சொத்தில் சேராது. எழுதுகிறவருக்கு இது சாதாரண விஷயமாக இருந்திருக்கும். எனக்கு அந்த பஸ் பயணத்தில் இது பெரிதாகப் பட்டது. ஏன் என்று சொல்வதற்கு முன் கொல்லையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கொல்லை தண்ணீர் போன வழியில் வளர்ந்தது. கிணற்றடிதான் தலைமடை. துணி துவைக்கும் கல்லிலிருந்து வழிவது ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கி முதலில் வாழைக்குப் போகும். வாழை குடித்தது போகச் சேம்புக்கு. குளிக்கும் கீற்று மறைப்பிலிருந்து சீயக்காய் நுரையோடு ஓடுவது இன்னொரு தாரை, அதன் ஓரத்தில் மஞ்சள் வரிசை. பாத்திரம் தேய்த்த சாம்பல் தண்ணீர் கீரைப் பாத்தியில் விழும். அரிசி களைந்த கழுநீர் மட்டும் செடிக்குக் கிடையாது, அது மாட்டுத் தொட்டிக்கு. மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் முருங்கை அடியில் ஊற்றுவாள் அப்பாயி. புளித்துப்போன மோர் கறிவேப்பிலைக்கு. செடிக்கென்றே கிணற்றில் இறைப்பது கோடையில்தான், அதுவும் கத்தரிக்கு நாலு குடம். அந்த நாலு குடத்துக்கும் முணுமுணுப்பாள்.

ஆடி பிறந்தால் அவரை ஊன்றிவிட வேண்டும், பதினெட்டாம் பெருக்கு தாண்டக் கூடாது. ஐப்பசி மழை முழுக்க அது இலையாகவே படர்ந்துகொண்டிருக்கும். பகல் குறுகக் குறுகத்தான் பூ வரும். கார்த்திகையில் பூத்து, மார்கழியிலும் தையிலும் காய்த்துத் தள்ளும். "சித்திரையிலேயே ஊனிட்டா சீக்கிரம் காய்க்காதா அப்பாயி?" என்று ஒரு வருஷம் கேட்டேன். "ஊனு. ஊனிட்டு எலையத் தின்னு" என்றாள்.

பூ வந்ததும் கொழுந்தில் அசுவினி ஏறும், எள்ளை அரைத்து அப்பினாற்போலக் கறுப்பாக. அதற்கு மருந்து அடுப்புச் சாம்பல். மார்கழி விடியலில் இலைமேல் பனி நிற்கும்போதே சலித்த சாம்பலை முறத்தில் வைத்துக்கொண்டு அப்பாயி பந்தலுக்குள் நுழைவாள். வெயில் ஏறிவிட்டால் சாம்பல் தங்காமல் உதிர்ந்துவிடும். பனி ஈரத்தில் விழுந்தால் பிடித்துக்கொள்ளும். மூன்று விரலால் அள்ளி, இலையின் அடிப்பக்கம் பார்த்துக் கீழிருந்து மேலாக ஒரு வீச்சு. தலைக்குமேல் தூவினால் தன் கண்ணில்தான் விழும் என்பது அவளுக்கு எத்தனை வயதில் தெரிந்ததோ, எனக்கு ஏழு வயதில் தெரிந்தது. பந்தலை விட்டு வெளியே வரும்போது அவள் புருவமும் நெற்றி மயிரும் ஒரே நிறமாக இருக்கும்.

புடலை என் பொறுப்பு. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் வாழைநாரால் கனம் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் காய் பாம்பாகச் சுருண்டுகொள்ளும். எங்கள் களிமண் ஊரில் கல் கிடைக்காது. உடைந்த ஓட்டுச் சில்லுதான். சில்லு பெரிசானால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிஞ்சு அறுந்து கீழே கிடக்கும்; அந்த வருஷத்துக் கணக்கை அப்பாயி பொங்கல் வரைக்கும் மறக்க மாட்டாள்.

விதைக்குக் காசு கொடுத்ததாக ஞாபகம் இல்லை. முற்றிய சுரை ஒன்று அடுப்படி உத்தரத்தில் புகை குடித்துக்கொண்டு தொங்கும். பீர்க்கு விதை அதன் காய்ந்த கூட்டுக்குள்ளேயே கிடக்கும், குலுக்கினால் சத்தம் கேட்கும். பரங்கி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அறைந்து வைப்பாள். கத்தரி மட்டும் வேலை வாங்கும். மஞ்சளாகப் பழுத்ததைப் பிசைந்து தண்ணீரில் கரைத்து, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும்.

டீச்சராக இருந்த நாளில் பழைய இலக்கியத்தில் இந்தக் கொல்லையைத் தேடிப் பார்த்திருக்கிறேன். சங்கப் பாட்டில் கொல்லை என்றால் முல்லை நிலத்துப் புன்செய். வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்று பெயர். சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது அதில் அடங்கியவற்றை வரிசையாக அடுக்கும். அதில் மனையை அடுத்து மனைப்படப்பை வந்துவிடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கொல்லை பத்திரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் வெகுகாலம் முன்னால் பட்டினப்பாலை காவிரி நாட்டைச் சொல்கிற இடத்தில், தென்னை, வாழை, கமுகோடு மஞ்சளும் சேம்பும் இஞ்சியும் வருகின்றன. ஏறக்குறைய எங்கள் கிணற்றடி வரிசை. இஞ்சி மட்டும் எங்கள் மண்ணில் அழுகிப்போகும்.

ஆனால் என்னை நிறுத்திய இடங்கள் வேறு. சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணர் வீட்டு அடுப்படி வருகிறது. சுவர் இடிந்து கிடக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திவிட்டு, பசித்த சுற்றத்தோடு தின்கிறாள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் சொல்லும் தன் வீட்டுப் பட்டினியிலும் குப்பைக்கீரைதான், அங்கும் உப்பு இல்லை. அதே புறநானூற்றில் பாரி செத்த பிறகு அவன் பெண்கள் இருவரும் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். பீர்க்கு முளைத்துச் சுரை ஏறிக் கிடக்கும் அந்த வீட்டுப் பக்கத்துக் குப்பைமேட்டில் நின்றுகொண்டு, தூரத்தில் போகும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். ஒருகாலத்தில் அப்பாமேல் படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணிய பெண்கள்.

கீரை, சுரை, பீர்க்கு, குப்பை. யாரும் வைத்து வளர்த்த மரம் ஒன்றுகூட இந்த மூன்று வீட்டிலும் வரவில்லை. மலையைப் பறிகொடுத்த பெண்களுக்கு எது மிஞ்சும் என்று அந்தப் பாட்டைப் பாடிய கபிலருக்குத் தெரிந்திருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய இளையான்குடி மாறனார் கதை எல்லாருக்கும் தெரியும். வறுமை வந்த பிறகு ஒரு மழை ராத்திரியில் அடியவர் வந்து நிற்கிறார். பகலில் விதைத்த நெல்முளையை வாரி வந்து சோறாக்குகிறார்கள். கறிக்கு என்ன செய்வது? மாறனார் இருட்டில் கையால் தடவி, குழியில் முளைத்து இன்னும் நிரம்பாத இளம்பயிரைப் பறித்து வருகிறார். மனைவி அதையே பல கறியாக ஆக்குகிறார். பக்திக் கதையாகத்தான் இதை நானும் நடத்தினேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழியில் மனசு நின்றுவிடும். அப்பாயியும் சுரைக்கும் பரங்கிக்கும் குழிதான் எடுப்பாள். முழங்கை ஆழம், அடியில் எரு, மேலே சாம்பல் கலந்த மண், குழிக்கு நாலு விதை. எண்ணூறு வருஷமாக அந்த அளவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கப்பலில் வந்த காய்களின் கதையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் அல்ல, பக்கத்து அக்ரகாரம். அங்கே எட்டு வீடு இருந்தது. திவசத்துக்கு முதல்நாள் ஒரு மாமி கூடையோடு கொல்லை வழியாக வருவாள். "ஏண்டியம்மா, பாவக்கா இருக்கா? கொத்தவரை, அவரை, வாழக்கா, சேப்பங்கெழங்கு எல்லாம் கொஞ்சம் குடு." தக்காளி வாங்க மாட்டாள், உருளைக்கிழங்கும் கோசும் அந்தச் சமையலில் சேராது, மிளகாய்க்குப் பதில் மிளகு. முருங்கையும் ஆகாது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. சின்ன வயதில் இதை வெறும் ஆசாரம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வகுப்பில் வாஸ்கோடகாமாவை நடத்திக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று பட்டது: அந்த மாமியின் கூடை, போர்ச்சுக்கீசியர் வருவதற்கு முந்தைய கொல்லை. மிளகாயும் தக்காளியும் உருளையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தவை. செத்துப்போன பாட்டன்களுக்கு அவர்கள் தின்றிராததைப் படைப்பதில்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு இந்தக் கணக்கு கிடையாது. சூரியனுக்குப் படைக்கும் பொங்கல் கூட்டில் அவரையும் மொச்சையும் வாழைக்காயும் சேம்பும் இருக்கும். கூடவே பரங்கியும் சர்க்கரைவள்ளியும் இருக்கும். பின்னவை இரண்டும் அதே அமெரிக்கச் சரக்கு. பரங்கி தன்னைக் கொண்டுவந்த பரங்கியரைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. கொங்குநாட்டில் அதையே அரசாணிக்காய் என்று சொல்லி அந்தத் தடயத்தையும் அழித்துவிட்டார்கள். மிளகாய்க்குப் பெயர் வைத்தவர் மிளகைத் தெரிந்தவர். தக்காளிக்குப் பெயரே சொந்தம் இல்லை. நம் மணத்தக்காளியின் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் சீமைத்தக்காளியாக இருந்துவிட்டு, பிறகு சீமையைக் கழற்றிப் போட்டது. எங்களுக்கு வடகிழக்கே நாகப்பட்டினம். முதலில் போர்ச்சுக்கீசியர், 1658-இலிருந்து டச்சுக்காரர்கள். கொஞ்சம் மேலே போனால் தரங்கம்பாடி, 1620-இலிருந்து டேனிஷ்காரர்கள். இந்தத் துறைகளில் இறங்கிய மூட்டைகளிலிருந்து எந்த விதை எந்தக் கொல்லைக்கு நடந்து போனதோ, யாரும் எழுதி வைக்கவில்லை. செடி சொத்தில் சேராது அல்லவா.

ஆனால் எதிர்த்திசையில் ஒரு பெயர் போயிருக்கிறது. முருங்கைக்கு உலகம் முழுக்கத் தாவரவியலார் வழங்கும் பெயர் மொரிங்கா; நம் சொல்தான்.

இங்கிலீஷ் காய்கறி எங்கள் கொல்லையை எட்டிப்பார்த்ததே இல்லை. கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் நீலகிரிக் குளிரில் குடியேறியவை. ஊட்டியில் இன்று ஜனங்கள் வரிசையில் நின்று பார்க்கும் தாவரவியல் பூங்காவுக்கு மூலம் ஒரு காய்கறித் தோட்டம். 1845-இல் அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, சகாய விலையில் காய்கறி கிடைக்கட்டும் என்று ஆரம்பித்தது. அது சரியாக நடக்கவில்லை. 1848-இல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் வந்த பிறகுதான் பூங்காவாக உருமாறியது. மலை ரயில் குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் போய்ச் சேர்ந்தது. கோசும் கேரட்டும் கீழே இறங்க வழி பிறந்தது. எங்களுக்கு அவை மன்னார்குடி மார்க்கெட்டில் வாங்கிவரும் கல்யாணக் காய்.

சர்க்கார் கொல்லையை நினைத்துக்கொள்வது அரிசி தட்டும்போதுதான். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பியிருந்தது. அதிக உணவு உற்பத்தி இயக்கம் வந்தது. 1946-இல் காந்தி, பூந்தோட்டங்களில்கூட உணவுப் பயிர் வளர்க்கச் சொல்லி எழுதினார். நெல் விளைகிற எங்கள் ஜில்லாவிலேயே நெல்லுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததாம். "அந்த வருசந்தான் வள்ளிக்கெழங்க ராச்சோறா தின்னோம்" என்பாள் அப்பாயி. அது எந்த வருஷம் என்று கேட்டால், அத்தை பிறந்ததற்கு முந்தின வருஷம் என்பாள்.

1965 எனக்கே ஞாபகம் இருக்கிறது. சாஸ்திரி பிரதமர். திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விடச் சொன்னார், வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போடச் சொன்னார். டெல்லியில் தன் வீட்டுப் புல்தரையையே உழுதார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் நாலாம் வகுப்பு. எங்கள் சார் பள்ளிக்கூடத்துப் பின்னால் பாத்தி கட்ட வைத்து, ஆளுக்கு ஒரு வெண்டைச் செடியை ஒப்படைத்தார். என் செடி காய்த்தது. பாதிப் பிள்ளைகள் வீட்டில் போடச் சொல்லிக் கொடுத்த விதையை வாயில் போட்டு மென்றார்கள். "வீட்ல எடம் இல்ல சார்" என்று ஒரு பையன் சொன்னான். சார் அவனைத் திட்டினார். அவன் சொன்னது நிஜம் என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

தாத்தாவுக்கு ரெண்டு வேலி நிலம். அதில் வேலை செய்த குடும்பங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் மனைக்கட்டிலேயே குடிசை போட்டிருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறையிலி நிலங்களை எழுதும் இடத்தில் ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் வரும். அந்த ஆயிரம் வருஷத்து வாய்க்காலை நான் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அங்கே ஒரு நடவு அம்மாள். என்னைவிட இருபத்தைந்து வயதாவது மூத்தவர், நான் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை 'சின்னம்மா' என்றார். அப்பாயியின் கொல்லையில் பந்தலுக்குக் கால் நடுவதும், குழி எடுப்பதும், எருக்குப்பை அள்ளுவதும் அவர்தான். நான் இதுவரை அப்பாயியின் கொல்லை என்று எழுதிக்கொண்டு வந்ததில் பாதி உழைப்பு அவருடையது.

1966 ஆக இருக்கும். திண்ணையில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு கேட்டார்: "ஆண்டே, ஒரு தென்னம்புள்ள வச்சுக்கட்டுமா, குடிசக்கிட்ட?" தாத்தா கோபப்படவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "கீரை போட்டுக்கோ. மரம் வைக்காதே."

தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஒரு குடும்பம் ஆறேழு வருஷம் ஒரே இடத்தில் இருந்தது என்று மரம் சாட்சி சொல்லும். நாளைக்குக் கிளம்பு என்றால் கீரையைப் பறித்துக்கொண்டு கிளம்பலாம். மரத்தைப் பறிக்க முடியுமா, பாத்தியதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். தாத்தா பத்திரம் எழுதத் தெரிந்தவர்.

அதனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எல்லாக் கூரையிலும் சுரை ஏறியிருந்தது. சுரை, பரங்கி, சாம்பல் பூசணி. அடியில் ஒரு முழக் குழி, மற்றதெல்லாம் கீற்றின்மேல். தரை தாத்தாவுடையது, கூரை அவர்களுடையது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். ஓவிய வாத்தியார் எங்களை அதைப் பார்த்து வரையச் சொல்வார். பச்சைக் கூரை, மஞ்சள் பூ, ஒரு காக்காய். பாரி மகளிர் பாட்டைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தப் படம்தான் வந்தது.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அதன் பிறகு சில நாள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாயங்காலத்தில் தணிந்த குரலில் பேசினார்கள். 1971-இல் குடியிருப்பு மனைகளை அங்கே குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. எங்கள் ஊரில் அது காகிதமாகக் கைக்கு வர இன்னும் மூன்று நான்கு வருஷம் பிடித்தது. வந்த அன்று சாயங்காலம் அந்த அம்மாள் கொல்லைப்பக்கம் வந்து அப்பாயியிடம் நின்றார். "ஒரு போத்து வெட்டிக்கிறம்மா."

முருங்கையை விதை போட்டு வளர்ப்பது அப்போது வழக்கம் இல்லை. மணிக்கட்டுப் பருமனில் நாலடிக் கிளை, அதுதான் போத்து. அப்பாயி தானே அரிவாளை எடுத்து, பத்திரத்தில் வடமேற்கு மூலை என்று எழுதியிருக்கிற மரத்திலிருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். தாத்தா திண்ணையில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த அம்மாளோடு வாய்க்கால் வரை போனேன். "தென்னதானே கேட்டே அப்ப?" என்றேன். "தென்ன ஏழு வருசம் சின்னம்மா. இது அடுத்த வருசமே பேசும்" என்றார்.

எங்கள் கொல்லை காலியானது கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் திட்டம் போடாமல். துவைக்கும் சோப்புத்தூள் வந்ததும் வாய்க்கால் தண்ணீரில் வாழை வெளிற ஆரம்பித்தது. கிணற்றில் மோட்டார் இறங்கியது. குழாய் அடுப்படிக்குள் வந்தது. உள்ளேயே குளியலறை, அதன் தண்ணீர் நேராகக் குழிக்குள். கேஸ் வந்த பிறகு சாம்பல் கிடையாது. அப்பாயி 1979-இல் போனாள். 1982-இல் தேங்காய்க்கு நல்ல விலை என்று அப்பா கொல்லை முழுக்கத் தென்னை வைத்தார். எட்டு வருஷத்தில் தரையில் வெயில் விழுவது நின்றுவிட்டது. வடமேற்கு மூலை முருங்கையைச் செப்டிக் டேங்குக்காக வெட்டினோம். இன்னொன்று தானாகப் பட்டுப்போனது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கிற பி.கே.எம்.1 முருங்கையைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்டிருந்தது. கிலோக் கணக்கில் காய் லாரியில் வந்து இறங்கும்போது மரத்துக்காக யார் அழுவார்கள்?

தஞ்சாவூர் மாடி வீட்டில் நானும் பை வாங்கி, தென்னைநார்க் கழிவு நிரப்பி, பாக்கெட் விதை போட்டுப் பார்த்தேன். தக்காளி நன்றாகத்தான் காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்துச் சாம்பலுக்குப் பதில் டிஷ்யூ பேப்பரில் உலர்த்தி மறுவருஷம் போட்டேன். குட்டையும் நெட்டையுமாக எதுவோ முளைத்து எதுவோ காய்த்தது. கலப்பின விதை அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னார். அந்தப் பையில் இப்போது கற்றாழை இருக்கிறது.

கஜாவுக்குப் பிறகு கொல்லையில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது வெயில். பதினேழு தென்னை படுத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் முப்பது வருஷமாகப் பார்க்காத வெளிச்சம். தம்பி நஷ்டக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவரைப் பந்தல் நின்ற இடம் தெரிந்தது. அங்கே தரை சற்றுக் கறுப்பாகவே இருக்கிறது. அத்தனை வருஷத்துச் சாம்பல் காரணமாக இருக்கலாம், இல்லை எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

வாய்க்காலைத் தாண்டிப் போனேன். அந்த அம்மாள் இல்லை, மகள் இருக்கிறார். கீற்றுக் கூரை போய்த் தளம் போட்ட வீடு. தகரக் கொட்டகை மட்டும் காற்றில் பறந்திருந்தது. முருங்கை நெஞ்சுயரத்தில் முறிந்து, கிளையெல்லாம் வாசலை அடைத்துக் கிடந்தன. ஆடுகள் இலையைத் தின்றுகொண்டிருந்தன.

"வாங்க டீச்சர். பாருங்க, மரம் போயிடுச்சு."

"ஒரு போத்து வேணும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிளைகளைப் புரட்டி, இது இளசு, இது வெடிச்சிருக்கு என்று தள்ளி, மணிக்கட்டுப் பருமனில் ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் சரிவாகச் சீவினார். இன்னொன்றும் எடுத்தார். "ஒண்ணு வரலைன்னா?" பணம் என்று நான் பையைத் திறக்கப் போனதும், "அட, உங்க கொல்லை மரந்தான டீச்சர். அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார். மேல்முனையில் சாணி உருண்டை வைக்க மறக்க வேண்டாம் என்றும், தண்ணீர் தேங்குகிற இடத்தில் நட வேண்டாம் என்றும் சொன்னார். நான் மறந்துவிட்டிருந்தேன், சாணியை.

"அவரை விதை இருக்கா?" என்று கேட்டேன்.

உள்ளே போய் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவோடு வந்தார். திறந்ததும் சாம்பல் வாசனை. கேஸ் அடுப்பு இருந்தாலும் வெந்நீருக்கு விறகுதானாம். விரலை விட்டுத் துழாவி ஒரு கைப்பிடி எடுத்து, ஊதி, என் முந்தானையில் போட்டார். வெள்ளை மூக்கோடு கறுப்பு விதை.

"இப்ப ஊனாதீங்க டீச்சர். ஆடி வரட்டும்."